சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் நத்தார்: முதல் தடவை நடத்துகிறவர்களுக்கு

கல்யாணமாகி ஐந்தாறு வருடம் வரைக்கும் நத்தார் (கிறிஸ்மஸ்) என்றால் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அம்மா வீட்டுக்கோ மாமி வீட்டுக்கோ போவோம், பூசை காண்போம், சாப்பிடுவோம், பலகாரப் பையோடு திரும்புவோம். ஒரு வருடம் மாமிக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டது. "இந்தமுறை உங்கட வீட்டில வைப்பம் பிள்ளை" என்றார். அப்போது வீட்டில் ஐந்து வயது, மூன்று வயது, எட்டு மாதம் என்று மூன்று பேர். வரப்போகிறவர்கள் பதினெட்டுப் பேர். அந்த 25ஆம் திகதி பகல் பதினொரு மணிக்கு நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நிலத்தில் இருந்து அழுதது எனக்கும் வீட்டுப் பூனைக்கும் மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு ஆறு நத்தார் எங்கள் வீட்டிலேயே நடந்துவிட்டது. இது முதல் தடவை தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டவர்களுக்காக எழுதுவது: தனிக்குடித்தனம் வந்தவர்கள், கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியவர்கள், வேதக்கார (கிறிஸ்தவ) குடும்பத்துக்குள் கல்யாணம் முடித்து வந்த சைவப் பிள்ளைகள். நாங்கள் கத்தோலிக்கர், ஆகவே பூசை, குடில் என்று எழுதுவேன். மற்றச் சபைக்காரர் ஆராதனை என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நத்தாரைக் கெடுப்பது காசும் இல்லை, கருகின கேக்கும் இல்லை. நித்திரை. முதலில் பிள்ளையின் நித்திரை, அடுத்தது உங்களுடையது. கீழே எந்த வேலையை எந்த நாளில் செய்யச் சொன்னாலும், அது 24ஆம் திகதி மத்தியானம் எல்லாரும் இரண்டு மணித்தியாலம் படுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்வதுதான்.

நவம்பர் கடைசியில்: ஒரு கொப்பி

80 பக்கக் கொப்பி ஒன்று போதும். முதல் பக்கத்தில் யார் யார் வருகிறார்கள், யார் இரவு தங்குகிறார்கள் என்று எழுதுங்கள். சாப்பிட வருகிறவர்களைச் சமாளிக்கலாம். தங்குகிறவர்களுக்குப் பாய், தலையணை, நுளம்பு வலை, குளிக்கும் நேரம் எல்லாம் வேண்டும். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் விடிய ஐந்து மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். அவர்கள் 24ஆம் திகதி காலையில் வந்தால் உங்கள் நாள் அன்று ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். முடிந்தால் 23 காலையில் வரச் சொல்லுங்கள். ரயிலில் வருகிறவர்களிடம் ஆசனத்தை நேரத்தோடு பதியச் சொல்லுங்கள், டிசம்பரில் கடைசி நேரம் கிடைக்காது.

இரண்டாம் பக்கம் நாட்காட்டி. டிசம்பரில் வரும் உந்துவப் பௌர்ணமி, அதாவது பௌத்தர்களின் போயா விடுமுறை, எந்தத் திகதி என்று பாருங்கள். சில வருடம் அது நத்தாரை ஒட்டியே வரும். அன்று இறைச்சிக்கடை பூட்டு. 24 காலையில் ஆட்டிறைச்சி வாங்கலாம் என்று இருந்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் பக்கத்தில் பூசை நேரங்கள். எந்தப் பங்குக் கோயிலில் இரவுப் பூசை எத்தனை மணிக்கு, காலைப் பூசை எத்தனை மணிக்கு என்பது ஞாயிற்றுக்கிழமை அறிவித்தலில் வரும். காலைப் பூசை நேரத்தையும் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதே கிழமையில் செய்ய வேண்டிய இன்னும் சில: பிள்ளைகளின் சட்டைத் துணியைத் தையலுக்குக் கொடுப்பது, காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பது. 12.5 கிலோ சிலிண்டர் பலகாரம் சுடுகிற கிழமையில்தான் முடியும், அது அதன் சுபாவம். தையலுக்குக் கொடுக்கும்போது 20ஆம் திகதிதான் நத்தார் என்று நினைத்துக்கொண்டு நாள் சொல்லுங்கள். எங்கள் மூத்தவள் ஒரு வருடம் கைவைக்காத சட்டையோடு பூசைக்குப் போனாள். தையல்காரர் கைகளைப் புதுவருடத்துக்குத் தந்தார்.

நத்தாருக்கு ஆயத்தமாகிற நான்கு ஞாயிறுகளான திருவருகைக்காலமும் இப்போதே தொடங்கும். முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். நான்கு மெழுகுதிரி, மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிற்றுக்கு ரோசா நிறம். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றுவதில் விருப்பமில்லை, ஊதி அணைப்பதில்தான் உயிர். யாருடைய முறை என்று கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் செபத்துக்கு நடுவில் அடிதடி.

மழையும் வீடும்

யாழ்ப்பாணத்தில் நத்தார் மாரிக்குள்தான் வரும். வாடைக்காற்று மழை டிசம்பரில் எந்த நாளும் கொட்டலாம். ஆகவே சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற யோசனை இருந்தால் ஒக்டோபருக்கு முன் அடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் பார்க்கலாம். ஈரச் சுவரில் அடித்த பெயின்ற் பொங்கலுக்குள் உரிந்துவிடும். திரைச்சீலை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் வெயில் எறிக்கிற முதல் நாளிலேயே தோய்த்துவிடுங்கள். "இன்னும் நாள் கிடக்கு" என்று விட்டால் விறாந்தை முழுக்கக் கொடி கட்டி, வருகிறவர்கள் ஈரச் சேலைக்குள் குனிந்து வர வேண்டியிருக்கும்.

வளவைக் கூட்டும்போது சிரட்டை, யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டுங்கள். இங்கே டெங்கு கூடுகிறதும் இந்த மாரிக் காலத்தில்தான். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு நுளம்புக் கடி கொப்புளமாகப் பொங்கும், அந்தத் தாய் உங்களைப் பார்க்கிற பார்வையும் ஒருமாதிரி இருக்கும். அதோடு கிணறு நிரம்பித் தண்ணீர் கலங்கியிருக்கும். குடிக்கிறதைக் கொதிக்க வைத்து ஆற்றி, தனிக் குடத்தில் மூடி வையுங்கள்.

குடில்

இயேசு பிறந்த தொழுவத்தைச் சுரூபங்களோடு காட்டுகிற குடில்தான் பிள்ளைகளின் வேலை. மரம், நட்சத்திரம், மின்குமிழ் எல்லாம் பெரியவர்கள் ஏணியில் ஏறிச் செய்வது, பிள்ளை கீழே நின்று கழுத்து நோகப் பார்ப்பது. குடில் நிலத்தில் இருக்கும், கை எட்டும்.

டிசம்பர் 13, 14ஆம் திகதிகளில் குடிலுக்குப் புல்லாகக் குரக்கன் (கேழ்வரகு) விதையுங்கள். மீன் ரின் அல்லது ஐஸ்கிரீம் பெட்டி மூடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மண், மேலே இரவு முழுக்க ஊறிய குரக்கனைக் கோலமாவு போலத் தூவி, கையால் தெளித்த தண்ணீர். ஊற்றினால் விதை ஒரு மூலையில் போய்க் குவிந்துவிடும். நாலைந்து நாளில் பச்சை தெரியும், 24க்குள் விரலளவு புல் நிற்கும். பயறும் முளைக்கும்தான், ஆனால் அது அவசரக்காரன். பத்து நாளில் நெடுநெடுவென்று வளர்ந்து, பாலன் இயேசுவுக்கு மேல் சாய்ந்து விழும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரின், மேலே பெயர். எங்கள் நடுவிலானின் ரின் ஒரு வருடம் முளைக்கவேயில்லை. ஒவ்வொரு நாளும் விரலை விட்டுக் கிண்டி முளைத்துவிட்டதா என்று பார்த்திருக்கிறான். அதற்காக ஒரு ரின்னை யாருக்கும் சொல்லாமல் குளியலறை யன்னலில் வைத்திருங்கள்.

18ஆம் திகதியளவில் கூரை. கிடுகுத் துண்டு ஒன்றை வெட்டி நான்கு தடியில் போட்டால் போதும். கடையில் விற்கும் குடில் வீட்டை வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், வாங்குங்கள். ஆனால் அதில் பிள்ளை செய்ய ஒன்றும் மிஞ்சாது. பாறைக்குச் சீமெந்துப் பையின் கடதாசியைக் கசக்கிப் பழுப்பும் கறுப்புமாக நிறம் பூசலாம். சுரூபங்களைப் பழைய பேப்பர் சுற்றிலிருந்து எடுக்கும்போது எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு ஆடு எப்போதும் குறையும். இரண்டு வயதுக்குள் பிள்ளை இருந்தால் சின்ன ஆடுகளை அலுமாரிக்கு மேலே வைத்துவிடுங்கள், அந்த வயதில் ஆடு போவது வாய்க்குள்தான். மின்குமிழ்ச் சரத்திலும் விளையாட்டு மெழுகுதிரியிலும் வரும் பொத்தான் பற்றரியும் அப்படியே. அது விழுங்கினால் தொண்டையையே அரித்துவிடும். மூடி திருகாணியால் பூட்டப்படாத சாமானைக் குடிலுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

பாலன் சுரூபத்தை இப்போது வைக்கக்கூடாது. அதைத் தனியாக ஒளித்து வையுங்கள், ஒளித்த இடத்தைக் கொப்பியில் எழுதுங்கள். சிரிக்காதீர்கள். நள்ளிரவில் பாலனைத் தேடி அரிசி வாளி வரைக்கும் கிண்டியிருக்கிறோம்.

மரத்துக்குச் சவுக்குக் கிளை வைக்கிறவர்கள் வாளியில் தண்ணீர் வைக்க வேண்டாம், ஈர மணல் போடுங்கள். தண்ணீரில் நுளம்பு வரும். ஒரு கிழமையில் சவுக்கு காய்ந்து கொட்டத் தொடங்கும், காய்ந்தால் பஞ்சு போலப் பற்றும். பக்கத்தில் மெழுகுதிரி கூடவே கூடாது.

1995 நத்தாருக்கு எனக்கு எட்டு வயது. போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாலு குடும்பம் இருந்தோம். அம்மா ஒரு ஜாம் போத்தல் விளக்குக்கு முன்னால் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதற்குள் பஞ்சுத் துண்டு ஒன்றை வைத்தார். அதுதான் குடில், அதுதான் பாலன். எத்தனையோ பெரிய குடில்களைப் பிறகு பார்த்தாயிற்று, ஒன்றின் விபரமும் நினைவில் இல்லை. அந்தத் தீப்பெட்டியின் ஓரம் ஈரத்தில் பிய்ந்திருந்தது கூட நினைவிருக்கிறது.

பலகாரம்: 19க்குள் முடியுங்கள்

முதல் வருடத்துக்கு மூன்று வகை போதும். ஒன்று உருண்டை, ஒன்று முறுக்கு வகை, ஒன்று கேக். மாமிமார் ஏழு வகை செய்தார்கள் என்றால், அந்த வீட்டில் கையுதவிக்கு நான்கு பெண்கள் இருந்தார்கள், பிள்ளைகளைப் பார்க்க ஒரு அப்பம்மா இருந்தார்.

உருண்டையில் பயத்தம் உருண்டையைத்தான் சொல்வேன், பிள்ளைகளும் சேரலாம் என்பதால். அரைக் கிலோ பயறைப் பொன்னிறமாக வறுத்து மில்லில் அரைத்து எடுங்கள். ஒரு தேங்காயைத் துருவி, ஈரம் முழுக்கப் போய்ச் சிவக்கும் வரை மெல்லிய நெருப்பில் வறுங்கள். இந்த இடத்தில் பொறுமை போனால் மாரி ஈரத்தில் நாலாம் நாளே பூஞ்சணம். மாவையும் தேங்காய்ப்பூவையும் கலந்து, ஏலக்காய், மிளகு, சீரகப் பொடி கொஞ்சம் போடுங்கள். 400 கிராம் சீனியைப் பாகு காய்ச்சி, மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறுங்கள். பாகு ஊற்றும்வரை பிள்ளைகள் குசினிக்குள் வரக்கூடாது. சீனிப்பாகு கொதிதண்ணீரை விடச் சூடு, தோலில் ஒட்டிக்கொண்டு நின்று எரிக்கும்.

கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் கூப்பிடுங்கள். பாயில் சுளகை வைத்து, ஆளுக்கொரு பிடி. அதிகம் ஆறினால் உருளாது, உதிரும். ஆகவே ஐந்து வயதுக்காரன் ஒன்று உருட்டுகிற நேரத்தில் நீங்கள் எட்டு உருட்ட வேண்டும். தேசிக்காய் அளவில் ஏறக்குறைய 40 வரும். பிள்ளைகள் உருட்டியதைத் தனி ரின்னில் போடுங்கள். அவற்றின் கோலம் ஒருபுறம் இருக்க, நக்கிய விரலால் உருட்டியவை அவை. அவர்களே சாப்பிடட்டும்.

முறுக்கு, சீனி அரியதரம் போல எண்ணெயில் சுடுகிற எதையும் பிள்ளைகள் முழித்திருக்கும்போது செய்யாதீர்கள். இதில் எனக்கு வேறு கதையே இல்லை. இரவு எட்டரைக்குப் பிறகு, அல்லது யாராவது அவர்களை வெளியில் கூட்டிப்போன நேரத்தில். தாச்சியைப் பின் அடுப்பில் வையுங்கள், கைபிடி சுவர்ப் பக்கம். தப்பித் தவறிச் சூடுபட்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, நெய், முட்டை வெள்ளைக்கரு ஒன்றும் பூச வேண்டாம். பெரிய காயம் என்றால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. அந்த நம்பரைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்.

கேக் விஷயத்தில் என் கருத்துப் பலருக்குப் பிடிக்காது. ரிச் கேக்கை முதல் வருடத்தில் நீங்கள் அடிக்க வேண்டாம். முந்திரிகை வற்றல், சௌசௌ, இஞ்சிப் பாகு, பூசணிப் பாகு, கஜு எல்லாம் பொடியாக வெட்டுவதற்கே இரண்டு இரவு போகும். அதைப் பிராண்டியில் ஊறப் போட்டு, ரவையைப் பட்டரோடு சேர்த்து, ஒரு டசின் மஞ்சள் கருவை அடித்து, தட்டுக்குக் கீழே நாலைந்து பேப்பர் மடித்துப் போட்டு, 150 பாகையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேக விட்டு, நடுவில் கரண்ட் போனால் அழ வேண்டும். எங்கள் வீட்டு அவண் சின்னது என்பதால் ஒரு வருடம் தட்டை ஒரு பேக்கரியில் கொடுத்து வேக வைத்தோம். பாண் வேகிற சூட்டில் வைத்திருக்கிறார்கள், மேலே கரி, உள்ளே கஞ்சி. மாமி அதை ஒன்றும் சொல்லாமல் கரண்டியால் தோண்டிச் சாப்பிட்டார், நல்ல மனுசி. ரிச் கேக் நன்றாகச் செய்கிற அன்ரி ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார், அவரிடம் நவம்பரிலேயே ஒரு கிலோ சொல்லுங்கள். நீங்கள் பட்டர் கேக் ஒன்று அடியுங்கள். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும், பிராண்டி இருக்கிறதா என்றும் பார்க்கத் தேவையில்லை.

குடிக்கக் கொடுப்பதற்குத் தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லி ரசம் இரண்டு போத்தல் வாங்கி வைத்தால் தேத்தண்ணி ஊற்றுகிற வேலை பாதியாகக் குறையும்.

ரவுணுக்குப் போவது

சுருக்கமாகச் சொல்கிறேன். 15ஆம் திகதிக்கு முன், கிழமை நாளில், காலை பத்து மணிக்கு. சின்னவர்கள் வேண்டாம். கூட்டிப்போகத்தான் வேண்டும் என்றால் காற்சட்டைப் பைக்குள் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதிப் போட்டுவிடுங்கள். பெரியகடைப் பக்கம் கடைசிக் கிழமையில் நிற்கிற சனத்துக்குள் ஐந்து நிமிடம் பிள்ளையைக் காணாமல் போனால் என்ன நடக்கும் என்று நான் விபரிக்க விரும்பவில்லை. சப்பாத்து வாங்கப் பிள்ளை தேவையில்லை, பாதத்தைக் கடதாசியில் கீறிக்கொண்டு போங்கள், ஒரு விரல் கூட்டி வாங்குங்கள்.

கரோல் வரும் இரவு

டிசம்பர் நடுவிலிருந்து பங்கு இளைஞர்கள் கரோல் பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். எந்த இரவு உங்கள் ஒழுங்கைக்கு என்று முன்கூட்டி அறிவிப்பார்கள், எத்தனை மணிக்கு என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. எட்டு மணி என்றால் பத்தரை. ஒரு உறையில் காணிக்கை போட்டு வாசல் மேசையில் வையுங்கள், கடைசி நேரத்தில் கைப்பை தேட வேண்டாம். பிஸ்கட்டும் பிளேன்ரீயும் போதும், அதற்கு முந்திய பத்து வீட்டிலும் அவர்கள் கேக் சாப்பிட்டிருப்பார்கள்.

அவர்களோடு நத்தார் பாப்பாவும் (கிறிஸ்மஸ் தாத்தா) வருவார். இதுதான் கவனம். நித்திரைத் தூக்கத்தில் எழுப்பி வந்த மூன்று வயதுப் பிள்ளைக்கு முன்னால், பிளாஸ்டிக் முகமூடி போட்ட ஒருவர் மேளச் சத்தத்தோடு ஆடிக்கொண்டு குனிந்தால் என்ன ஆகும்? எங்கள் நடுவிலான் என் கழுத்தைப் பிடித்த பிடியில் மாலை அறுந்தது. பிறகு ஒரு மாதம் சிவப்புச் சட்டை போட்ட யாரைக் கண்டாலும் மேசைக்குக் கீழே. அடுத்த வருடம் குழுவில் வந்த தம்பியிடம் முதலே சொல்லி வைத்தேன். அவர் படலையடியில் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இஞ்ச பார், நான்தான்" என்று காட்டிவிட்டு, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கவே திரும்பப் போட்டார். பயல் தனக்கும் போடச் சொல்லிக் கேட்டான். நித்திரையாகிவிட்ட பிள்ளையை எழுப்பாதீர்கள். விறாந்தை விளக்கைப் போட்டு, பெரியவர்கள் வெளியே நின்று வரவேற்றால் போதும். கரோல் அடுத்த வருடமும் வரும்.

24ஆம் திகதி

காலையில் ஆட்டிறைச்சியும் கோழியும் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். சின்னக்கடையிலோ உங்கள் வழக்கமான கடையிலோ இரண்டு நாள் முந்தியே சொல்லிவையுங்கள். கழுவி, மஞ்சள், உப்பு, இஞ்சி உள்ளி விரவிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், சமைப்பது நாளைக்கு. வெங்காயம் உரித்து, தேங்காய் உடைத்து வைத்தால் இன்றைய குசினி வேலை முடிந்தது. மத்தியானத்துக்குப் பாண், பருப்பு, சம்பல். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒரு மணியிலிருந்து மூன்று வரை வீடு முழுக்கப் படுக்கை. யன்னல் சாத்தி, மின்விசிறியைப் போட்டு, நீங்களும் படுங்கள். "நான் இந்த நேரத்தில் அந்த அலுமாரியை" என்று எழும்பாதீர்கள். பெரிய பிள்ளைகளுக்கு நித்திரை வராவிட்டாலும் கிடந்தால் போதும்.

ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு, குளிப்பு நான்கு மணிக்கே முடிந்திருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் இரவு தலையில் வார்த்தால் 25 காலையில் தடிமன். ஏழு, ஏழரைக்குத் திரும்பப் படுக்கை. புதுச் சட்டையைப் போட்டுப் படுக்க விடாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். சட்டை, உள்ளுடுப்பு, சப்பாத்து, தலைப்பட்டி எல்லாவற்றையும் ஆளுக்கு ஒரு கதிரையில் மனித உருவம் போல அடுக்கி வையுங்கள். இரவில் அந்தக் கதிரைகளைப் பார்க்கவே எனக்குச் சிரிப்பு வரும், மூன்று குட்டி ஆட்கள் காத்திருப்பது போல இருக்கும்.

யார் இரவுப் பூசைக்குப் போவது என்பதை இப்போது முடிவு செய்யக்கூடாது, நவம்பரிலேயே செய்திருக்க வேண்டும். அதற்குத்தான் காலைப் பூசை நேரத்தையும் எழுதச் சொன்னேன். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் ஒருவர் இரவு, மற்றவர் காலை. இதைப் பெரியவர்கள் முதலில் ஏற்கமாட்டார்கள். மாமி "குடும்பமா ஒண்டாப் போறதுதான் நத்தார்" என்றார். அடுத்த வருடம், கைக்குழந்தையோடு ஒரு மணித்தியாலம் கோயில் மாமரத்தடியில் அவரே நின்று தாலாட்டிய பிறகு, "நீ சொன்னதுதான் சரி பிள்ளை" என்றார்.

போகிறவர்களுக்கு: ஒரு மணித்தியாலத்துக்கு முன் எழுப்புங்கள், முகத்தில் ஈரத்துணி, கொஞ்சம் பால். நுளம்புக்குக் கைகால் தைலம், முழுக்கை மேலங்கி. பைக்குள் தண்ணீர், சத்தம் போடாத சாப்பாடு (பொலித்தீன் சரசரக்கிற பிஸ்கட் வேண்டாம்), ஒரு துவாய், ஒரு பாய். பக்கக் கதவுக்குக் கிட்ட இருங்கள். வளவுக்குள் பாய் விரித்து இருக்கிற குடும்பங்களும் இருக்கும், அங்கே பிள்ளை சாய்ந்து படுத்தாலும் ஒருவரும் ஒன்றும் நினைப்பதில்லை. பூசையில் வானவர் கீதம் என்ற பாட்டுத் தொடங்கும்போது மணிகள் அடிக்கும், வெளியே சீனவெடியும் வெடிக்கும். இதைப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். அந்த நேரத்தில் காதைப் பொத்துவது எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. வெடிச் சத்தம் எங்கள் வயதுக்காரருக்கும் அப்பம்மாமாருக்கும் வேறு நினைவுகளைக் கொண்டுவரும். அவர்கள் பக்கத்தில் ஒரு பேரப்பிள்ளையை இருத்திவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வாசல் விளக்கு, தேத்தண்ணி, ஆளுக்கொரு துண்டு கேக். ஒளித்து வைத்த பாலனை எடுத்து, வீட்டில் ஆகச் சின்னவர், நடக்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். அவர் அதைத் தலைகீழாக வைத்தாலும் காலை வரைக்கும் திருத்தாதீர்கள். பரிசுப் பொதிகள் இப்போது வேண்டாம். இரவு ஒன்றரைக்குப் பொதி பிரித்த பிள்ளை மூன்று மணி வரை படுக்காது.

25ஆம் திகதி

காலைச் சாப்பாட்டை நீங்கள் செய்ய வேண்டாம். இடியப்பம் அவித்துக் கொடுக்கிற அக்கா ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இருப்பார், அவரிடம் நேற்றே சொல்லியிருக்க வேண்டும். சொதி மட்டும் வையுங்கள். சாப்பிட முன் ஆளுக்கு ஒரு பரிசு, சாப்பிட்ட பின் மிச்சம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்தால் பத்து மணிக்குள் எல்லாம் உடைந்து, அழுகை தொடங்கிவிடும்.

அயலட்டைக்குப் பலகாரத் தட்டுக் கொடுக்கிற நேரம் பத்து மணிக்கு முன். புதிதாக வந்தவர்கள் பிழைவிடுகிற இடம் இதுதான். எங்கள் ஒழுங்கையில் பாதிக்கு மேல் சைவக்காரர். நத்தார் நேரம் அவர்களுக்குப் பிள்ளையாரின் பெருங்கதை விரதம் நடந்துகொண்டிருக்கலாம், 21 நாள். அல்லது திருவெம்பாவை தொடங்கியிருக்கலாம். கேக்கில் முட்டை இருக்கிறது. விரதக்காரர் வீட்டுத் தட்டில் கேக்கை வைத்தால் அவர்கள் சிரித்துக்கொண்டுதான் வாங்குவார்கள், ஆனால் அந்தத் தட்டில் பக்கத்தில் பட்ட உருண்டையையும் சாப்பிட மாட்டார்கள். அந்த வீடுகளுக்கு உருண்டை, முறுக்கு, கதலி வாழைப்பழம் மட்டும் வையுங்கள். அதையும் மச்சம் (இறைச்சி, மீன்) சமைக்கத் தொடங்க முன் அனுப்புங்கள். கேக்கைத் தனிப் பெட்டியில் போட்டு, "இது விரதம் முடிய, அல்லது பிள்ளைகளுக்கு" என்று சொல்லிக் கொடுக்கலாம். தட்டைக் கொண்டுபோகப் பிள்ளைகளை விடுங்கள், தட்டு வெறுமையாகத் திரும்பாது, கொஞ்சம் சீனியாவது வரும். அந்த வருடம் சாவு நடந்த வீட்டில் பலகாரம் சுட்டிருக்க மாட்டார்கள், அந்த வீட்டை முதலில் நினையுங்கள்.

சமையலில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். கறித்தூள் போட முன் ஒரு சின்னச் சட்டியில் பிள்ளைகளுக்கென்று கோழியை எடுத்துப் பால்விட்டு வெள்ளைக்கறியாக இறக்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெரியவர்களும் களவாக அதைத்தான் சாப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மணிக்கே கொடுத்துவிடுங்கள். பெரியவர்களோடு இரண்டு மணிக்குச் சாப்பிடலாம் என்று வைத்தால் அதுவரை கேக்கிலேயே வயிற்றை நிரப்பிவிடுவார்கள். கஜு, கச்சான் முழுதாக உள்ள தட்டைச் சின்னவர்களின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு அறையைப் படுக்க மட்டும் என்று விடுங்கள்; பாய், வலை, மின்விசிறி, கதவடியில் ஒரு அம்மம்மா. பதினொரு மணிக்கு நான் அழுத வருடத்தில் எங்கள் வீட்டில் அந்த அறை இருக்கவில்லை. எல்லா அறையிலும் ஆட்களும் பைகளும்தான்.

கழுவுகிற வேலையை ஆண்களுக்கு முதலே பிரித்துக் கொடுங்கள், பெயர் சொல்லி. "யாராவது கழுவுங்கோவன்" என்றால் ஒருவரும் எழும்பார்.

அடுத்த நாட்கள்

26ஆம் திகதி காலை வெடி கொளுத்த விடாதீர்கள். 2004இல் சுனாமியாகக் கடல் வந்த நாள் அது, வடமராட்சி கிழக்குக் கரையில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். காலை 9.25க்கு இரண்டு நிமிடம் மௌனமாக இருப்பார்கள். நாங்கள் குடிலடியில் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். ஏன் என்று கேட்டால் மூத்தவளுக்குச் சொல்வேன், சின்னவனுக்கு இன்னும் இல்லை.

மத்தியானம் மிச்சமிருக்கிற கறி, பாண். தங்கியிருக்கிறவர்களைப் பின்னேரம் றியோவுக்கு ஐஸ்கிரீமுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் படுங்கள்.

குடிலைப் பிரிக்க அவசரமில்லை. எங்கள் வீட்டில், பாலனைக் காண வருகிற மூவிராசாக்கள் இன்னும் வந்துசேர்ந்திருக்க மாட்டார்கள். 25ஆம் திகதி அவர்களை வானொலிப் பெட்டிக்கு மேலே வைப்போம், ஒவ்வொரு நாளும் பிள்ளைகள் ஒரு சாண் நகர்த்துவார்கள். தொலைக்காட்சி மேசை, யன்னல் கட்டு, தையல் மெசின் என்று சுற்றி ஜனவரி 6ஆம் திகதி குடிலுக்கு வந்து சேருவார்கள். போன முறை ஒட்டகத்தின் ஒரு கால் யன்னலடியில் உடைந்துபோனது, தீக்குச்சி வைத்துக் கட்டியிருக்கிறோம். அதற்குள் குரக்கன் புல் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். 6ஆம் திகதி பின்னேரம் மூவரும் தங்கள் தங்கள் ரின்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆட்டிடம் போவார்கள். ஆடு பெயர் பார்த்துச் சாப்பிடுவதில்லை என்பதால் யாருடையதை முதலில் தின்றது என்று அங்கே ஒரு சண்டை நடக்கும்.